இருபத்து மூன்று செய்திகளும் ஒரு பாலமும்

போன வருடம் எங்கள் ஊர்ப் பாலத்தில் நடந்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் இந்த வருடம் சிறுமி பெர்மெட் ஏன் அப்படிப் பதறினாள் என்பது புரியும்.

எங்கள் ஊர் தாஷ் கெச்சூ, நாரின் மலைப்பக்கம் இருக்கிறது. கோடை வந்தால் இருபத்து மூன்று குடும்பங்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேலே மேய்ச்சல் வெளிகளுக்குப் போய்விடும். குளிர் தொடங்குவதற்குள் திரும்பி வரும். திரும்பி வர ஒரே வழி, ஆற்றின் மேல் இருக்கும் மரப்பாலம்தான். அதில் ஒரு நேரத்தில் ஒரு மந்தைதான் போக முடியும்.

போன செப்டம்பரில் திடீரென்று பனிப்புயல் வரப்போவதாகச் செய்தி வந்தது. ஊர்த் தலைவர் சபிர்பெக் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே செய்தியை அனுப்பினார். “உடனே இறங்கி வாருங்கள்.” அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். உடனே இறங்கினார்கள். இருபத்து மூன்று மந்தைகளும் ஒரே நேரத்தில் பாலத்துக்கு வந்து நின்றன. ஏழாயிரம் ஆடுகள்! முட்டி மோதி ஒன்றோடொன்று கலந்துபோயின. யார் ஆடு எது என்று பிரித்தெடுக்க நான்கு நாள் ஆயிற்று. அக்கரையில் பனியில் மாட்டிக்கொண்ட நாற்பது ஆடுகள் திரும்பி வரவே இல்லை. அதில் பன்னிரண்டு பெர்மெட்டின் அப்பா தூலோத்துடையவை. அவரும் அன்று முழங்கால் அளவு பனியில் நடந்து, விரல்கள் மரத்துப்போய்த்தான் வீடு வந்து சேர்ந்தார்.

இப்போது இந்த வருடத்துக்கு வருவோம்.

அன்று சனிக்கிழமை. பள்ளி இல்லை. பதினொரு வயது பெர்மெட் ஊர் அலுவலகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா குல்சினாதான் அந்த அலுவலகத்தின் எழுத்தர்.

காலை எட்டு மணிக்கே தகவல் வந்துவிட்டது. மாலை ஏழு மணிக்கு மேல் கடும் பனிப்பொழிவு.

அம்மா இந்த முறை யோசித்து வேலை செய்தார். ஒவ்வொரு குடும்பமும் எந்தப் பாதையில் இறங்க வேண்டும், எத்தனை மணிக்குப் பாலத்துக்கு வர வேண்டும் என்று தனித்தனியாகத் திட்டம் போட்டார். முதல் மந்தை இரண்டு மணிக்கு. அடுத்தது இரண்டு பன்னிரண்டுக்கு. இப்படியே இருபத்து மூன்று. கடைசி மந்தை கிட்டத்தட்ட ஆறரை மணிக்கு. அது பெர்மெட்டின் அப்பாவுடையது. எல்லோரையும் விட உயரத்தில் இருப்பது அவர்தான். இருபத்து மூன்று செய்திகளையும் அம்மா கணினியில் ஒன்றன் கீழ் ஒன்றாக அடித்து வைத்துவிட்டார்.

“அப்புறம் என்ன? அனுப்பிட வேண்டியதுதானே!” என்றார் தலைவர் சபிர்பெக். அவர் வாயில் எப்போதும் ஒரு குருத் உருண்டை இருக்கும். காய்ந்த தயிர் உருண்டை அது. பேசும்போது இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போகும்.

“அனுப்பத்தான் பார்க்குறேன், தலைவரே. இந்த இணையப் பக்கம் பண்ற அக்கிரமத்தை நீங்களே பாருங்க” என்றார் அம்மா.

மலைக்குச் செய்தி அனுப்புவதற்கென்று ஓர் இணையப் பக்கம் உண்டு. அதில் கடவுச்சொல் போட்டு உள்ளே போக வேண்டும். பிறகு போனுக்கு ஓர் எண் வரும், அதையும் போட வேண்டும். அப்புறம்தான் ஆளைத் தேர்ந்தெடுத்துச் செய்தியை ஒட்டி அனுப்பலாம். யாரோ ஒரு மகா புத்திசாலி அதற்கு இன்னொரு பாதுகாப்பும் வைத்திருந்தார். அந்தப் பக்கத்தை விட்டு வேறு எதையாவது திறந்தால் போதும், கதவைச் சாத்திவிடும். மறுபடி கடவுச்சொல், மறுபடி எண்.

அம்மா சோதனைக்காக ஒரு செய்தியை நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டித் தன் போனுக்கே அனுப்பினார். அடுத்ததை நகலெடுக்கத் தன் கோப்பைத் திறந்தார். பக்கம் மூடிக்கொண்டது.

“ஒரு செய்திக்கு நாலு நிமிஷம் ஆகுது” என்றார் அம்மா.

பெர்மெட் கணக்கு நோட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். “நாலு தடவை இருபத்து மூணு, தொண்ணூத்திரண்டு நிமிஷம். இப்போ மணி பத்து ஐம்பது. பன்னிரண்டுக்குள்ள முடியாதே, அம்மா!”

பன்னிரண்டு மணி ஏன் என்று கேட்கிறீர்களா? மேய்ச்சல் வெளிகளில் போன் வேலை செய்யாது. ஒவ்வொரு வெளிக்கும் பக்கத்தில் ஏதாவது ஒரு மேடு இருக்கும். அதன் உச்சியில் நின்றால்தான் சிக்னல் வரும். தினமும் நண்பகல் பன்னிரண்டுக்கு வீட்டுக்கு ஒருவர் குதிரையில் அந்த மேட்டுக்குப் போய், போனைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். இன்று பன்னிரண்டுக்குச் செய்தி போய்ச் சேராவிட்டால், நாளை பன்னிரண்டுக்குத்தான். அதற்குள் பனி வந்துவிடும்.

“போன் பண்ணிப் பேசிட்டா?” என்றார் தலைவர்.

“அங்கே பேச்சு பாதியிலேயே அறுந்துடும், மாமா. எழுத்து மட்டும்தான் எப்படியாவது போய்ச் சேரும்” என்றாள் பெர்மெட்.

அப்பாவின் மரத்துப்போன விரல்கள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அழுதால் நிமிடங்கள்தானே போகும்? அவள் யோசித்தாள்.

ஒன்றை நகலெடுத்தால் கணினி அதை எங்கோ கையில் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்துக்குக் கிளிப்போர்டு என்று பெயர். புதிதாக ஒன்றை நகலெடுத்தால் பழையது போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு முறை பள்ளியில் பெர்மெட் கை தவறி இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியபோது ஒரு சின்னப் பெட்டி திறந்தது. முன்பு நகலெடுத்ததெல்லாம் அதில் வரிசையாக இருந்தது!

“அம்மா! நாம அந்தப் பக்கத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே எல்லாச் செய்தியையும் காப்பி பண்ணி வச்சுடலாம். ஜன்னல் படம் போட்ட பொத்தானையும் ‘வி’யையும் அழுத்தினா பெட்டி அங்கேயே, அந்தப் பக்கத்து மேலேயே திறக்கும். வேற எங்கேயும் போக வேண்டாம்!”

“இருபத்து மூணையும் ஒவ்வொண்ணா காப்பி பண்ணணுமா?”

“நான் ஏன் பண்ணணும்? கணினியே பண்ணட்டும்.”

தலைவரின் குருத் உருண்டை அப்படியே நின்றுவிட்டது. “கணினி தானாவே காப்பி பண்ணுமா? அதுக்குக் கை இருக்கா?”

பெர்மெட் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்தாள். கணினி வகுப்பில் கற்றுக்கொண்டதை ஞாபகப்படுத்திக்கொண்டு நான்கு வரி எழுதினாள். கோப்பைத் திற. ஒரு வரியை எடு. நகலெடு. அடுத்த வரிக்குப் போ.

பொத்தானை அழுத்தினாள். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

“அடேங்கப்பா!” என்றார் தலைவர்.

பெர்மெட் சின்னப் பெட்டியைத் திறந்தாள். அதில் ஒரே ஒரு செய்தி இருந்தது. கடைசிச் செய்தி.

“மீதி இருபத்திரண்டு எங்கே?” என்று கேட்டார் அம்மா.

பெர்மெட்டின் முகம் சுருங்கிப்போயிற்று. வரிகள் சரியாகத்தான் இருந்தன. பிறகு ஏன்? மாலையில் ஆடுகளை எண்ணுவதை நினைத்துப் பார்த்தாள். பட்டியின் கதவை அகலத் திறந்துவிட்டால் எல்லாம் குபுகுபுவென்று ஓடும், யாராலும் எண்ண முடியாது. கதவை ஒருக்களித்துப் பிடித்து, ஒன்று போன பிறகு அடுத்ததை விட வேண்டும்.

“நான் ரொம்ப வேகமா விரட்டிட்டேன். பெட்டி ஒண்ணை எழுதி வச்சுக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுச்சு” என்றாள். நகலெடு என்பதற்குப் பிறகு இன்னொரு கட்டளையைச் சேர்த்தாள். “ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நொடி தூங்குன்னு சொல்லியிருக்கேன், மாமா.”

“தூங்கச் சொன்னா வேலை ஒழுங்கா நடக்குதா? இதைத்தான் நான் வீட்டுல பத்து வருஷமா சொல்றேன்” என்றார் தலைவர்.

இருபத்து மூன்று நொடிகள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பெர்மெட் பெட்டியைத் திறந்தாள்.

நிறைந்திருந்தது! ஒன்றன் கீழ் ஒன்றாக, உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. பெர்மெட்டுக்குப் புல்லரித்தது. யாருடைய விரலும் படாமல், ஐந்தே ஐந்து வரி சொன்ன பேச்சைக் கேட்டு, இத்தனையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். தலைவர் உருண்டையை விழுங்கியேவிட்டார்.

பிறகு அம்மா குனிந்து படித்தார். “பெர்மெட்... இதுல எது யாருக்கு?”

பெர்மெட் உற்றுப் பார்த்தாள். பெட்டி சின்னது. ஒவ்வொரு செய்தியிலும் முதல் இரண்டு வரிதான் தெரிந்தது. எல்லாவற்றிலும் அதே இரண்டு வரி.

“சலாம். ஆடு மாடெல்லாம் நலமா? ஆளெல்லாம் நலமா? குதிரைகளுக்குக் கால் நலமா? குழந்தைகள் நலமா? புல்லும் தண்ணீரும் நலமா?”

இருபத்து மூன்று முறை அதேதான்.

“அம்மா! இவ்ளோ பெரிய சலாமா? அப்பாவுக்குக்கூடவா?”

“அலுவலகத்துலேருந்து போற செய்தி. அப்பான்னா மரியாதை வேண்டாமா?”

“சரி, பேராவது முதல்ல போட்டிருக்கலாமே?”

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவர். மேலே இருப்பவர்களில் பாதிப் பேர் கணவர் வீட்டுப் பெரியவர்கள். எங்கள் ஊர் மருமகள்கள் அவர்கள் பெயரை வாயாலும் சொல்ல மாட்டார்கள், கையாலும் எழுத மாட்டார்கள். இணையப் பக்கத்தில் இருக்கும் பட்டியலில் விரலை வைத்துக் காட்டுவதோடு சரி.

“சலாமை வெட்டித் தள்ளு, மகளே! நேரா விஷயத்துக்கு வா. மணி பதினொண்ணு பத்து” என்றார் தலைவர்.

“ஐயோ, வேண்டாம்!” என்று அம்மா கத்தியேவிட்டார். “சலாம் இல்லாம ஒரு செய்தி போனா என்ன நினைப்பாங்க? யாரோ செத்துட்டாங்கன்னு நினைப்பாங்க. ஆட்டை அப்படியே போட்டுட்டுக் குதிரையை விரட்டிக்கிட்டு வருவாங்க!”

அது உண்மைதான். எங்கள் பக்கம் துக்கச் செய்தி மட்டும்தான் நலம் விசாரிக்காமல் வரும்.

பெர்மெட் கடிகாரத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். சலாமும் இருக்க வேண்டும், வித்தியாசமும் தெரிய வேண்டும், பெயரும் எழுதக் கூடாது.

“அம்மா, மலையில அந்தப் பக்கம் இருக்கறவங்களைக் கூப்பிடணும்னா நாம என்ன பண்ணுவோம்? ‘ஏ, கோக் பெல்!’னு முதல்ல அவங்க இருக்கற இடத்தைத்தானே கூப்பிடுவோம்? அவங்க திரும்பிப் பார்த்த பிறகுதானே சலாம்? அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்லையே?”

அம்மா ஒரு கணம் யோசித்தார். முகம் மலர்ந்தது. “இல்லை. ஒண்ணுமே இல்லை.”

“அப்போ நீங்க இடத்தைச் சொல்லுங்க. நான் அடிக்கிறேன்.”

“கோக் பெல்! அடுத்தது அக் ஜார்! அடுத்தது கரா சாய்!”

அம்மா சொல்லச் சொல்ல பெர்மெட் ஒவ்வொரு செய்தியின் தலையிலும் இடத்தின் பெயரை அடித்தாள். கடைசியில், “தொகுஸ் புலாக்” என்றார் அம்மா மெல்லிய குரலில். அது அப்பா இருக்கும் இடம்.

ஓடவிடும் முன் பெர்மெட் இன்னொன்றையும் கவனித்தாள். பெட்டியில் கடைசியாக நகலெடுத்ததுதான் எப்போதும் மேலே நிற்கிறது. அதனால் கணினியைக் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு வரச் சொன்னாள். அப்போதுதான் முதலில் இறங்க வேண்டியவர்கள் மேலே இருப்பார்கள்.

“அப்படியே என் பேருலயும் ஒரு மூணு செய்தி சேர்த்துக்க, மகளே. தலைவர் வாழ்த்துன்னு போடு” என்றார் சபிர்பெக்.

“பெட்டியில இருபத்தஞ்சுக்குத்தான் இடம், மாமா. உங்க மூணையும் சேர்த்தா இருபத்தாறு ஆயிடும். முதல்ல ஏறினது தானா வெளியே விழுந்துடும். முதல்ல ஏறப்போறது எங்க அப்பா.”

தலைவர் வேகமாகக் கையை ஆட்டினார். “வேண்டாம், வேண்டாம். வாழ்த்தை நான் பாலத்துலயே நின்னு நேர்ல சொல்லிக்கறேன்.”

பெர்மெட் பொத்தானை அழுத்தினாள். கணினி ஒன்றை எடுத்தது, ஒரு நொடி தூங்கியது, அடுத்ததை எடுத்தது. பெட்டியைத் திறந்தபோது ஒவ்வொரு சலாமுக்கும் முன்னால் ஓர் இடத்தின் பெயர் இருந்தது. மலையே அந்தச் சின்னப் பெட்டிக்குள் வந்து அடங்கியதுபோல் அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது.

அம்மா கடவுச்சொல்லைப் போட்டார். எண்ணைப் போட்டார். பக்கம் திறந்தது. அம்மா பட்டியலில் ஆளைத் தொட்டுக் காட்டுவார். பெர்மெட் இரண்டு பொத்தான்களை அழுத்துவாள், பெட்டி திறக்கும். இடத்தைப் பார்த்துத் தட்டுவாள், செய்தி வந்து விழும். அனுப்பு! பக்கம் ஒரு முறைகூட மூடிக்கொள்ளவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு இருபத்து மூன்றாவது செய்தியும் போய்விட்டது.

இனி அவர்கள் செய்ய எதுவும் இல்லை. பக்கத்தில் இருபத்து மூன்று பெயர்களுக்கு எதிரே இருபத்து மூன்று சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்தன. யாராவது மேட்டில் ஏறி, செய்தி அவர்கள் போனில் விழுந்தால் புள்ளி பச்சையாகும்.

பன்னிரண்டு அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு புள்ளி பச்சையானது. அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தார். இன்னொன்று. மேலே ஒன்று, நடுவில் இரண்டு, கீழே ஒன்று. பெர்மெட் திரையைப் பார்த்தாலும் அவள் கண்ணில் தெரிந்தது மலை. இதோ இப்போது ஒருவர் குதிரையை நிறுத்துகிறார். அதோ அங்கே ஒருவர் போனை எடுக்கிறார். எவ்வளவோ தொலைவில், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத மேடுகளில், எல்லோரும் அந்தச் சலாமைப் படிக்கிறார்கள்.

பன்னிரண்டு பத்துக்கு இருபத்திரண்டு புள்ளிகள் பச்சை. தொகுஸ் புலாக் மட்டும் சாம்பல்.

“உங்க அப்பா என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கார்? கல்யாணத்துக்கே தாமதமாத்தான் வந்தார்” என்றார் அம்மா. சிரிப்பதுபோல் சொன்னாலும் கையிலிருந்த கிண்ணத்துத் தேநீரை அவர் குடிக்கவே இல்லை.

பன்னிரண்டு பதினைந்து. பன்னிரண்டு இருபது. பெர்மெட் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தலைவர் புதிய உருண்டையை வாயில் போடவே மறந்துவிட்டார்.

பன்னிரண்டு இருபத்தேழுக்கு அந்தப் புள்ளியும் பச்சையானது.

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விசும்பி விசும்பி அழுதார். பெர்மெட்டும் அழுதாள். இனி அழுதால் எந்த நிமிடமும் வீணாகாது அல்லவா?

இரண்டு மணிக்கு ஊரே பாலத்துக்கு வந்துவிட்டது. முதல் மந்தை சரியாக இரண்டு மணிக்கு வளைவில் தெரிந்தது. அது ஏறி, கடந்து, இக்கரையில் பிரிந்து போனது. பாலம் காலியானதும் அடுத்தது வந்தது. பிறகு அடுத்தது. முட்டல் இல்லை, மோதல் இல்லை. மலையின் ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் ஒரு மந்தை தன் நேரத்துக்கு இறங்கிவந்தது. குளம்புச் சத்தம் பாலத்தில் கடகடவென்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்படியொரு காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. வாழ்த்துச் சொல்ல வந்த தலைவர்கூட அதை மறந்து ஆடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறரைக்குக் கடைசி மந்தை வந்தது. அப்பா குதிரையிலிருந்து குதித்து இறங்கி, எல்லா ஆடுகளையும் ஒவ்வொன்றாகப் பாலத்தில் ஏற்றிவிட்டு, கடைசியாகத் தானும் கடந்து வந்தார். பெர்மெட் ஓடிப்போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தாள். பத்து விரல்களும் சூடாக இருந்தன.

“எல்லாருக்கும் தனித்தனியா நேரம் போட்டு அனுப்பினது யாரு? பாதையெல்லாம் பேசிக்கிட்டே வந்தாங்க” என்றார் அப்பா.

“நேரம் போட்டது அம்மா. நான் கணினிக்குக் கொஞ்சம் தூங்கச் சொல்லிக் குடுத்தேன்” என்றாள் பெர்மெட்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவளைத் தூக்கிக் குதிரையில் உட்காரவைத்தார்.

ஏழு மணிக்குச் சொன்னபடியே பனி வந்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கொத்துக் கொத்தாக. அக்கரையில் மலை மறைந்தது, பாதை மறைந்தது. பாலத்தின் மேல் வெள்ளையாகப் படிந்த பனியில் ஓர் ஆட்டின் கால்தடம்கூட இல்லை. எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தார்கள்.